கூண்டுப் பலகையும் ஒரு பாடமே: பெரிய இருவாச்சி

நம் கச்சிபௌலிப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் குழந்தைகளோடு போகும் இடங்களில் ஒன்று, மீர் ஆலம் ஏரியருகே 1963இல் திறக்கப்பட்ட நேரு உயிரியல் பூங்கா. (திங்கட்கிழமை விடுமுறை.) அங்கே பறவையைப் பார்க்கிறோம், பலகையைப் படிப்பதில்லை. ரயில்வேயில் பொறியாளராக இருந்த எனக்குப் பலகையைப் படிக்காமல் நகர முடியாது. தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு காரணம் இருக்கும். பறவைப் பலகையும் அப்படித்தான். நம் பிள்ளைகள் அதிகம் அறியாத பெரிய இருவாச்சியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. பெயர்: அறிவியல் பெயர் 'பூசெராஸ் பைகார்னிஸ்'. 1758இல் லின்னேயஸ் வைத்தது. 'பைகார்னிஸ்' என்றால் இரு கொம்பு உடையது. அலகின் மேல் இன்னொரு அலகு போல மஞ்சள் கொண்டை இருப்பதால் நம்மவர்கள் 'இருவாய்ச்சி', 'இருவாச்சி' என்றார்கள். இந்தக் கொண்டை பார்வைக்குக் கனமானது. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்.

2. வாழிடம்: மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், வடகிழக்கு, தென்கிழக்கு ஆசியா. தமிழ்நாட்டில் ஆனைமலை, வால்பாறைப் பக்கம் காணலாம். கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுவே மாநிலப் பறவை.

3. உணவு: முக்கியமாக அத்தி, ஆல் வகைப் பழங்கள். தின்ற பழத்தின் விதைகளைத் தொலைவில் போட்டுவிடுவதால் காட்டில் மரம் நடும் வேலையும் இதனுடையதே.

4. கூடு: பெரிய மரத்தின் பொந்து. பெண் உள்ளே புகுந்து, எச்சத்தாலும் மண்ணாலும் வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் விடும். இடுவது ஒன்றோ இரண்டோ முட்டை. பொரியச் சுமார் 40 நாள். மாதக்கணக்கில் ஆண்தான் அந்தக் கீறல் வழியே உணவூட்டும்.

5. பாதுகாப்பு நிலை: 2018 முதல் உலகப் பட்டியலில் 'அழியும் ஆபத்துள்ள' இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை.

இனி வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். ஐந்தாவது வரிக்கு விடை நான்காவது வரியில் இருக்கிறது. ஆணை ஒருவன் சுட்டால், உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியில் சாகும். ஒரு முதிய மரத்தை வெட்டினால், அதுபோன்ற பொந்து மீண்டும் உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும். இருவாச்சி குறைந்தால், மூன்றாவது வரி சொல்லும் விதைப்பும் குறையும். ஒரு வரி கெட்டால் மற்ற வரிகளும் கெடும்.

பலகையில் எழுதாத செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது பறக்கும்போது இறக்கைச் சிறகுகளுக்கிடையே காற்று பாய்ந்து 'குப் குப்' என்று பெரிய ஓசை எழும். நீராவி எஞ்சின் கிளம்புவது போல இருக்கும் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் அந்த எஞ்சின்கள் ஓடின. இன்று அருங்காட்சியகங்களிலும் சில மலைப்பாதைகளிலுமே உள்ளன. எஞ்சினை வேண்டுமானால் மறுபடி வார்த்துவிடலாம். இருவாச்சியை வார்க்க எந்தப் பட்டறையாலும் இயலாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பூங்காப் பலகையில் தமிழ்ப் பெயரை எதிர்பார்க்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: அடுத்த முறை ஒரே ஒரு பறவையின் பலகையை முழுதாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஏன்?' என்று ஒரு கேள்வி போடுங்கள். தாத்தா பாட்டியிடம் அதன் தமிழ்ப் பெயரைக் கேட்டு மேலே எழுதுங்கள்.