இரும்புச் சட்டியில் புளித்தமாவு ரொட்டி

சென்ற பொங்கல் விழாவுக்கு நான் கொண்டுவந்த ரொட்டியைச் சுவைத்த சகோதரிகள் சிலர், "ஈஸ்ட் போடவில்லையா? அப்புறம் எப்படி உப்பியது?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ரயில்வேயில் காலம் கழித்தவன் ரொட்டிக்குப் பாடம் நடத்துவதா என்று அன்பர்கள் நினைக்கலாம். விஷயம் நீராவியைப் பற்றியது. நான் வேலையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் உறைமாவு. தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படி. கண்ணாடிப் பாட்டிலில் 50 கிராம் ஆட்டாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். தினமும் அதில் 50 கிராம் மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைக் கொட்டிவிட்டு, புதிதாக 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் சேர்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் நுரைத்துப் பொங்கும். மகிழ வேண்டாம், அது ஒருவகை பாக்டீரியாவின் வேலை. புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிடும். நாலாம், ஐந்தாம் நாள் பாட்டிலில் அசைவே இராது. செத்துவிட்டது என்று பலர் கொட்டிவிடுவது அப்போதுதான். நானும் இருமுறை கொட்டினேன். உண்மையில், புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் அந்த நாட்களில்தான் மெல்லப் பெருகுகிறது. மாவு ஊட்டிய நாலைந்து மணியில் இருமடங்காக உயர்ந்தால் தயார். டில்லி ஜனவரியில் இதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். என் மனைவி குளிர்காலத்தில் இட்லி மாவுப் பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைப்பாள். "பாத்திரத்துக்கு ஜலதோஷமா?" என்று கேலி செய்வேன். அவள் இப்போது இல்லை. பாட்டிலை அதே ரஜாயில்தான் சுற்றுகிறேன்.

மைதா 400 கிராம், ஆட்டா 100, தண்ணீர் 340, உறைமாவு 100, உப்பு 10. பிசைந்து, அரை மணிக்கு ஒருமுறையாக நாலு தடவை இழுத்து மடியுங்கள். மாவு ஒன்றரை மடங்கு ஆகும்வரை விடுங்கள்; மே மாதத்தில் மூன்று நாலு மணி போதும், ஜனவரியில் இரவு முழுக்க. பிறகு உருட்டி, அரிசி மாவு தூவிய துணியில் வைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இனி சட்டி. டச்சு அவன் என்பது மூடியுள்ள கனமான வார்ப்பிரும்புச் சட்டி. 1707-இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி, மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கக் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவிய கோல்புரூக்டேல் ஆலையில் 1767-இல் இரும்புத் தண்டவாளம் வார்த்தார்கள். சட்டியும் தண்டவாளமும் ஒரே ஆலைப் பிள்ளைகள்!

அவனில் 240 டிகிரியில், சட்டியை மூடியோடு 40 நிமிடம் காயவிடுங்கள். மாவைப் பேக்கிங் காகிதத்தில் கவிழ்த்து, மேலே பிளேடால் ஒரு கீறல் போட்டு, காகிதத்தோடு சட்டியில் இறக்கி மூடுங்கள். வேகும்போது ரொட்டி சுமார் 100 கிராம் தண்ணீரை இழக்கும். 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 170 லிட்டர் நீராவி. சட்டியின் கொள்ளளவோ 5 லிட்டர். அதில் ஒரு பங்கு வெளிவந்தாலே காற்றைத் தள்ளிவிட்டுச் சட்டியை நிரப்பிவிடும். குளிர்ந்த மாவின்மேல் படிந்து நீராகும் ஆவி, தன் உள்ளுறை வெப்பத்தைக் கொடுப்பதோடு தோலைக் காயவிடாமலும் வைக்கிறது. தோல் இளகியிருப்பதால் ரொட்டி எழும்புகிறது. திறந்த தட்டில் சுட்ட என் முதல் ரொட்டி, தோல் முந்திக் காய்ந்து, பக்கவாட்டில் வெடித்து, செங்கல்லாக வந்தது.

25 நிமிடம் கழித்து மூடியை எடுத்துவிடுங்கள். ஆவி போனால்தான் நிறம் ஏறும். இன்னும் 20 நிமிடம். பிறகு அடியைத் தட்டுங்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது போலத்தான். உள்ளே காலியான ஓசை வந்தால் வெந்துவிட்டது.

பிளாஸ்டிக் குமிழ் உள்ள மூடியும் வேண்டாம், பிரஷர் குக்கரும் வேண்டாம், கேஸ்கெட் கருகிவிடும். இறக்கி வைத்த மூடியின்மேல் ஒரு துணி போட்டு வையுங்கள். ஆறியதுபோல் தெரியும். என் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் உறைமாவைத் தட்டில் மெல்லப் பூசி, நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து வெந்நீர் அல்ல, சாதாரண நீரில் கரைத்து மாவு ஊட்டினால் சில நாளில் எழுந்துவிடும். வேண்டியவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு சிறு பாட்டிலோடு வாருங்கள், தருகிறேன்.