சட்டசபைக்குள் ஒரு முட்டுக்கட்டை

இந்திய விடுதலைப் போராட்டம் என்றவுடன் சிறைச்சாலையும் தடியடியும் உப்புச் சத்தியாக்கிரகமும் நம் நினைவில் எழுகின்றன. ஆனால் அந்நியர் அமைத்த சட்டசபைக்குள்ளேயே நுழைந்து, அவர்கள் வகுத்த விதிகளைக் கொண்டே அவர்களை எதிர்த்தோரும் உண்டு. அவ்வெதிர்ப்பால் விளைந்த பயன் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரட்டையாட்சி

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைப் புகுத்தியது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டன. காவல், நிதி, நிலவரி ஆகியவை ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவினரிடமும் இருந்தன. பள்ளிக்கூடம் அமைச்சருக்கு, பணப்பெட்டி ஆளுநருக்கு! அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் திருவண்ணாமலை வட்டத்து உழவன் செலுத்திய நிலவரி, சபைக்குப் பொறுப்பான எந்த அமைச்சரின் கையிலும் இல்லை. வாக்குரிமையும் சொத்து, வரி முதலிய தகுதி உடையோர்க்கே இருந்தது.

1920-ஆம் ஆண்டுத் தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. 1922 பிப்ரவரியில், சௌரி சௌரா நிகழ்ச்சிக்குப் பின், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். அடுத்த வழி யாது? அவ்வாண்டு டிசம்பரில் கயா காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சித்தரஞ்சன் தாஸ் சட்டசபைப் பிரவேசத்தை வற்புறுத்தினார். இராஜாஜி அதனை எதிர்த்தார். தாசின் கருத்து தோற்றது. ஆயினும் அவரும் மோதிலால் நேருவும் 1923 ஜனவரியில் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினர்.

முட்டுக்கட்டையின் பயன்

உள்ளே சென்று முட்டுக்கட்டை போடுவதே அக்கட்சியின் வழி. நம் ஊர்ப் பெரிய தேர் மாட வீதிகளில் ஓடுவதைக் கண்டோர் முட்டுக்கட்டையின் அருமையை அறிவர். தேரை நிறுத்த மட்டுமன்று, திருப்பவும் அது வேண்டும்.

1924 பிப்ரவரியில், முழுப் பொறுப்பாட்சி குறித்து வட்டமேசை மாநாடு கூட்டவேண்டும் என்ற மோதிலாலின் தீர்மானம் மத்திய சட்டசபையில் 76-க்கு 48 வாக்குகளால் நிறைவேறியது. அடுத்த மாதம் நிதி மசோதாவையே சபை மறுத்தது. வைசிராய் தம் தனியதிகாரத்தால் அதனைச் செல்லுபடியாக்கினார். 1928 செப்டம்பரில் பொதுப் பாதுகாப்பு மசோதாவிற்கு ஆதரவும் எதிர்ப்பும் 61-க்கு 61 எனச் சமமாயின. சபைத் தலைவர் விட்டல்பாய் படேல் தம் வாக்கை எதிராக அளித்து அதனை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு அம்மசோதா மீண்டும் வந்தபோது அதனை விவாதிக்க அவர் அனுமதிக்கவில்லை. வைசிராயோ அவசரச் சட்டம் பிறப்பித்தார்.

சென்னையில் 1926-ஆம் ஆண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 41-ஐப் பெற்றுச் சுயராஜ்யக் கட்சி தனிப்பெருங் கட்சியாயிற்று. எனினும் இரட்டையாட்சியில் பதவி ஏற்க மறுத்தது. டாக்டர் சுப்பராயன் சுயேச்சை அமைச்சரவை அமைத்தார். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி, 1923 முதல் சென்னைச் சட்டசபையிலும், 1934-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் மத்திய சட்டசபையிலும் வாதாடினார். கேள்வி நேரமே அவருடைய படைக்கலம். ஒரு வினாவிற்கு விடை வந்தால், அவ்விடையிலிருந்தே துணை வினாக்கள் தொடுப்பார்.

மதிப்பீடு

சபையில் வென்றதை வைசிராயின் கையெழுத்து அழித்துவிடுமாயின், இம்முயற்சி வீண்தானே எனச் சிலர் கேட்கலாம். அன்று. இந்தியருக்குப் பொறுப்பு வழங்கிவிட்டோம் என்று ஆங்கிலேயர் உலகிற்குச் சொல்லிவந்தனர். சபையின் முடிவு தள்ளப்பட்ட ஒவ்வொரு முறையும் அச்சொல் பொய் என்பதற்கு அவர்கள் கையாலேயே சான்று எழுதப்பட்டது. வெளியே நடந்த போராட்டத்திற்கு இச்சான்று துணை நின்றது.

குறையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது சத்தியமூர்த்தி எதிர்த்தார். கோயில் நகரில் வாழும் நாம் இதனை மறைத்தல் தகாது. அந்நியரைத் தடுக்கும் கட்டை, நம்மவர் சீர்திருத்தத்தையும் தடுக்கக்கூடும். அம்முறையைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைக் கீழவையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரசு வென்றது. அன்று கயாவில் சட்டசபைப் பிரவேசத்தை எதிர்த்த இராஜாஜியே மாகாணப் பிரதமரானார்!

இன்று ஆட்சி நம்முடையது. கேள்வி நேரமும் வெட்டுத் தீர்மானமும் நம் அவைகளில் நிலைத்துள்ளன. எதைத் தடுக்க வேண்டும், எதற்கு வழிவிட வேண்டும் என்று பகுத்தறிந்து அவற்றைக் கையாளும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது வாக்குரிமை பெற்ற மாணவர்களாகிய நம் கடமையாகும்.