குறடுபோல் இருக்கும், குறடு அல்ல

கேள்வி: தச்சரான என் தாத்தாவின் பெட்டியில் குறடு மாதிரி ஓர் இரும்புக் கருவி கிடைத்தது. பிடியை அழுத்தினால் சிறு முனை ஒன்று முன்னே வருகிறது. அதன் எதிரே எண்கள் பொறித்த சிறிய வட்டு. இது எதற்கு?

பதில்: ரம்பத்துக்கு ‘செட்’ வைக்கும் கருவி அது. ரம்பப் பற்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சற்றே சாய்ப்பார்கள். அப்போதுதான் வெட்டும் தடம் தகட்டைவிட அகலமாகி, ரம்பம் மரத்துக்குள் இறுகாமல் ஓடும். ஈர மரம் என்றால் சாய்வு கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். வட்டிலுள்ள எண்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்முனை என்பதைக் குறிப்பவை. வட்டைத் திருப்பினால் சாய்வின் அளவு மாறும். பல்லின் மேல்பாதியை மட்டுமே வளைக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தயாரான ‘எக்லிப்ஸ் 77’ இந்த வகையில் பேர்போனது.

இன்று கடையில் விற்கும் ரம்பங்கள் பலவற்றில் பல்முனையைக் கடினப்படுத்தியிருப்பார்கள். அவற்றில் இதைப் போட்டால் பல் ஒடிந்துவிடும். தாத்தாவின் பழைய ரம்பம் இருந்தால் அதற்குத்தான் இது பொருந்தும். செட் வைத்து, அரம் போட்டால் நன்றாக வெட்டும். துருவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், எண்கள் அழிந்துவிடும்.