பைக் மீனை முள்ளில்லாமல் அறுப்பது எப்படி?

வடக்கு மினசோட்டாவில் எந்த ஏரிக்கரை ரிசார்ட்டுக்குப் போனாலும் படகுத்துறைப் பக்கம் மீன் வெட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கொட்டகை இருக்கும். கொசுவலைக் கதவு, ஒரு மேசை, குழாய், கழிவு போட வாளி. சாயங்காலம் அங்கே நின்று வேடிக்கை பாருங்கள். வால்ஐ மீனை மளமளவென்று அறுத்துத் தள்ளும் அதே ஆள், அடுத்து பைக் மீன் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். பைக் மீன் என்றாலே முள் என்று ஒரு பேச்சு. பலர் பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். மற்றவர்கள் அதையும் வால்ஐ போலவே அறுத்து, பொரித்து, சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிய பிறகு, இனி இந்த மீனே வேண்டாம் என்று முடிவு கட்டுகிறார்கள்.

தப்பு மீன் மேல் இல்லை. வால்ஐ அறுக்கிற முறையில் பைக்கை அறுத்தால் முள் வரத்தான் செய்யும். இதற்கு வேறு வெட்டு இருக்கிறது. ஒரு மீனிலிருந்து ஐந்து துண்டு, ஐந்திலும் முள் கிடையாது.

எதை வைத்துக்கொள்வது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மினசோட்டாவை 2018-இல் பைக் மீனுக்காக மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். லீச் ஏரி, பெமிட்ஜி, பிரெய்னர்ட் பக்கமெல்லாம் வட-மத்திய மண்டலத்தில் வரும். அங்கே ஏரிகள் நிறைய குட்டிப் பைக்குகள். ஒல்லியாக, நீளமாக, வளராமல் கிடக்கும். ஊர்க்காரர்கள் அவற்றைச் ‘சுத்தியல் பிடி’ என்றுதான் கேலியாகச் சொல்வார்கள். அவை குறையட்டும் என்றுதான் ஒருவருக்குப் பத்து மீன் வரை அனுமதி. ஆனால் 22 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை உள்ளதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். 26-க்கு மேல் இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, படகை இறக்குமுன் துறையில் இருக்கும் பலகையைப் படியுங்கள். என்னைக் கேட்டால் 20, 21 அங்குல மீன்தான் சட்டிக்கு. 26-க்கு மேல் போனதைப் படம் எடுத்துவிட்டு ஏரிக்கே கொடுத்துவிடுங்கள். பெரிய மீன்தான் குட்டிப் பைக்கைத் தின்று ஏரியைச் சமன் செய்வது. பாதரசம் அதிகம் சேர்வதும் பெரிய மீனில்தான். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை தனியாகவே அட்டவணை போட்டு வைத்திருக்கிறது.

பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் களைக்காடு முடிகிற ஓரமாக, சிவப்பு-வெள்ளைப் பட்டை போட்ட டேர்டெவில் ஸ்பூனை எறிந்து ஒரே சீராகச் சுருட்டுங்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக விற்கும் தூண்டில், இன்னும் அதற்கு மேல் ஒன்றை நான் பார்க்கவில்லை. ஸ்பூனுக்கு மேலே எஃகுக் கம்பி லீடர் கட்டாயம். வெறும் நரம்பு பைக்கின் பல்லுக்கு நிற்காது. கொக்கியை நீள மூக்குக் குறடால் கழற்றுங்கள். விரல் பக்கத்திலேயே போக வேண்டாம்.

வைத்துக்கொள்கிற மீனின் செவுளை உடனே வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டுவிடுங்கள். கயிற்றில் கோத்து நாள் முழுக்கப் படகோரம் வெந்நீர் மாதிரி இருக்கும் ஜூலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு திரிந்துவிட்டு, "பைக் கொழகொழன்னு இருக்கு, சேற்று வாடை அடிக்குது" என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. கோடையில் இதன் சதை சீக்கிரம் இளகிவிடும். குளிர்காலத்தில் பனியைத் துளைத்துப் பிடித்த பைக்குக்கு இந்தக் கவலை இல்லை. பனிமேல் கிடந்தே கெட்டியாகிவிடும்.

வாடை பாதி அந்த வழவழப்பில்தான் இருக்கிறது. மேசைக்கு வந்ததும் கல் உப்பைக் கைநிறைய அள்ளி மீன் முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள். மீன் கையில் நழுவாது என்பது கூடுதல் லாபம். செதில் எடுக்க வேண்டாம், குடல் எடுக்கவும் வேண்டாம். தோலை எப்படியும் உரிக்கத்தான் போகிறோம், வயிற்றுக்குள் கத்தியே போகாது.

கத்தி ஏழு அங்குலம், மெல்லிசாக, கொஞ்சம் வளைந்துகொடுப்பதாக இருக்கட்டும். மின்சாரக் கத்தியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். முள் எங்கே இருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது அலகின் உரசல்தான்; மின்சாரக் கத்தி எதையும் சொல்லாமல் முள்ளையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

இனி அந்த முள்ளைத் தெரிந்துகொள்ளுங்கள். விலா எலும்பும் முதுகெலும்பும் எல்லா மீனுக்கும் உள்ளதுதான். பைக்குக்கு இது போக, முதுகின் இரண்டு பக்கமும் சதைக்குள்ளேயே ஒரு வரிசை முள் உண்டு. ஒவ்வொன்றும் கவட்டை மாதிரி நுனியில் பிளந்திருக்கும். எதோடும் கெட்டியாக ஒட்டாமல் சதையில் மிதக்கிற முள், அதனால்தான் சாதாரண வெட்டில் சதையோடு வந்துவிடுகிறது. ஆனால் இந்த வரிசை தலைக்குப் பின்னால் தொடங்கி முதுகுத் துடுப்பு வரைக்கும்தான். பைக்கின் முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில், ரொம்பப் பின்னால் இருக்கும். அதற்குப் பின்னே வால்பகுதியில் கவட்டை முள்ளே கிடையாது. வரிசைக்கு மேலே ஒரு துண்டு, வெளியே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, வாலில் இரண்டு. இவ்வளவுதான் கணக்கு.

மீனை வயிறு கீழே இருக்கும்படி, உயிரோடு நீந்துகிற நிலையிலேயே நிமிர்த்தி வையுங்கள். மற்ற மீனைப் படுக்கவைத்து அறுத்துப் பழகியவர்களுக்கு இது கை வராது. பரவாயில்லை, இடது கையால் தலையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் நேராகக் கீழே அழுத்தி, அலகு கடினமாக ஒன்றைத் தொட்டதும் நிறுத்துங்கள். அங்கேயே அலகை வால்பக்கமாகப் படுக்கவைத்து, தட்டையாக, முதுகுத் துடுப்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அடியில் டிக் டிக் என்று தொடர்ந்து உரசும். அது கவட்டை முள்ளின் நுனிகள். உரசல் கேட்டால் சரியான ஆழம். நறநறவென்று கேட்டால் முள்ளை நறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அலகை இம்மி மேலே தூக்குங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மேலேயே போகிறீர்கள். சதை கொஞ்சம் வீண், வேறு நஷ்டமில்லை. துடுப்புக்குச் சற்று முன்னால் மேலே வெளியே வந்துவிடுங்கள். நீளமான ஒரு முதுகுப் பட்டை தோலோடு கையில் வரும். மீனிலேயே நல்ல துண்டு இதுதான், வீட்டில் யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்ததில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பட்டை போன இடத்தைத் துடைத்துவிட்டு, விளக்கைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சதையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இரண்டு வரிசை தலையிலிருந்து பின்னோக்கி ஓடும். கண்ணுக்குப் படவில்லை என்றால் விரல் நுனியை வாலிலிருந்து தலைப்பக்கமாக நகர்த்துங்கள், குத்தும். நமக்கு வேண்டிய கோடு அந்தப் புள்ளிகளுக்கு வெளியே, புள்ளியை ஒட்டினாற்போல. அங்கே அலகை வைத்து மேலிருந்து கீழே இறக்க வேண்டும்.

நேர்குத்தாக இறக்கிவிடுகிறார்கள், அதுதான் கோளாறு. கவட்டை முள் நேராகக் கீழே போகிறதில்லை, வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. நேராக இறங்கிய கத்தி அதன் நடுவில் பாய்ந்து, பாதி முள்ளை உங்கள் துண்டோடு அனுப்பிவைக்கும். அலகின் கூரை விலாப்பக்கம், அதாவது உங்களை நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரே வெட்டாக வெட்டாமல், தலையிலிருந்து துடுப்பு வரை நீளமாக, மெல்ல மெல்ல வருடி இறங்குங்கள். ஒவ்வொரு வருடலுக்கும் இடது கையால் சதையை விலக்கிப் பிடித்தால் உள்ளே முள் வரிசை வேலி கட்டினாற்போலத் தெரியும். கத்தி அதன் வெளிப்புறத்தைத் தொட்டபடியே போகட்டும். கொஞ்சம் இறங்கியதும் முள் தீர்ந்து விலா எலும்பு தொடங்கும். உரசலின் சத்தம் மாறுவதிலேயே தெரிந்துவிடும், விலா தடிமன். அதன் மேலாகவே வழுக்கி வயிற்று ஓரம் வரை வந்து துண்டை விடுவித்துவிடுங்கள். பிறகு மறுபக்கம்.

முதல் சில மீனுக்கு உள்ளே ஒட்டிப் போவதைவிட வெளியே விலகிப் போங்கள். எலும்போடு நாலு வாய் சதை தங்கினால் என்ன, அந்த எலும்புக்கூட்டை வெந்நீரில் போட்டு மீன் சாறு வைத்துக்கொள்ளலாம். சதையை மிச்சம் பிடிக்கிறேன் என்று உள்ளே அழுத்தினால் மொத்தத் துண்டும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

வால் துண்டுகள் இரண்டையும் துடுப்பிலிருந்து வால் வரை எலும்பை ஒட்டி இழுத்தால் வந்துவிடும். ஐந்தையும் தோல் கீழே இருக்கும்படி வைத்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தியைத் தள்ளி உரியுங்கள். அறுத்த மீனைக் காரில் ஊருக்குக் கொண்டுபோவதானால் அதற்கும் சட்டம் உண்டு: என்ன இனம், எத்தனை, என்ன அளவு என்று வார்டன் பார்த்தால் தெரிய வேண்டும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் முழு மீனாக ஐஸில் வைத்துக் கொண்டுபோய் வீட்டில்தான் அறுப்பேன். கழிவை ஏரியிலோ கரையிலோ வீசாதீர்கள். நாற்றம் உங்களை அல்ல, அடுத்த வாரம் வருகிறவரைத்தான் தாக்கும்.

சட்டிக்குப் போகுமுன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் ஒரு முறை தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதென்றால் இரண்டு முறை. இதை மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி, சோளமாவில் புரட்டி நல்ல சூட்டில் வறுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளிக்குழம்பில் போட்டால் சதை உதிர்ந்து, குழம்புமில்லை மீனுமில்லை என்று ஆகிவிடும். நடு வேகாமல் எடுக்கவே கூடாது; நன்னீர் மீனில் நாடாப்புழு இருக்கலாம், பைக்குக்கு அந்தப் பெயர் நிறையவே உண்டு. சதையில் மிளகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி, வெந்தால் ஒன்றும் செய்யாது.

இவ்வளவு பொறுமை இல்லை என்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. குட்டிப் பைக்கைச் சாதாரணமாகவே இரண்டு துண்டாக அறுத்து, தோலை மட்டும் உரித்துவிட்டு, பின்புறம் துண்டாகிவிடாமல் குறுக்கே நெருக்க நெருக்கமாகக் கீறல் போட்டு, எண்ணெயில் முறுகப் பொரியுங்கள். நறுங்கிய முள் மொறுமொறுப்பில் போய்விடும். கீறலுக்கு நடுவே அரிசி நீளம் இடைவெளி விட்டால்கூட முள் நிற்கும் என்பதால் சோம்பேறித்தனம் இங்கே செல்லாது.

இன்னொன்று மினசோட்டாக்காரர்களின் ஊறுகாய். மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறையவைத்துப் புழுவுக்குக் கணக்கைத் தீர்த்துவிட்டு, விரற்கடைத் துண்டுகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, வெள்ளை வினிகர், சர்க்கரை, வெங்காயம், மிளகு, கடுகோடு பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். ஒரு வாரத்தில் வினிகர் முள்ளைக் கரைத்து மெத்தென்று ஆக்கிவிடும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, நாலு பச்சை மிளகாயைக் கீறிப் போடுங்கள். அவர்கள் செய்கிற இனிப்பு நமக்கு ஆகாது.