பிஞ்சு இதயமும் கம்ப்யூட்டரும்

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தையின் இதயக் கோளாறை ஏ.ஐ. கண்டுபிடித்துவிடுமாமே? மலையில் இருக்கும் எங்களுக்கு அது கிடைக்குமா?
– ஒரு வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

ஸ்கேன் படத்தையும் இதய ஒலியையும் அலசி, 'சந்தேகம்' என்று சொல்லுமளவுக்குக் கம்ப்யூட்டர் தேறியிருக்கிறது. உறுதி செய்வது எக்கோ பரிசோதனைதான். இந்த வசதிகள் மலையேறி வரும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரி. பிறந்து 24 மணி நேரம் ஆனதும், குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காது, சில நிமிட வேலை. ஆக்சிஜன் அளவு இரண்டில் ஒன்றிலாவது 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, இடையே 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்ப்பார்கள். 90-க்குக் கீழே என்றால் உடனடிக் கவனிப்பு வேண்டும். வீட்டுக்கு வந்தபின் பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்தாலோ, உதடு நீலமானாலோ, 108-ஐ அழைத்துக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.