குதிரை தின்ற தானியம்

ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் பட்டணத்தை ஒட்டிய நிலத்துக்குக் குத்தகை ஏன் கூடுதல்? இதற்குக் கணக்குப் போட்டு விடை கண்டவர் ஜெர்மனி நாட்டுப் பண்ணையார் வான் தூனன். 1810-ல் மெக்லன்பர்க் பகுதியில் டெல்லோ பண்ணையை வாங்கிய இவர், வரவு செலவைப் பல ஆண்டுகள் நுணுக்கமாக எழுதி வந்தார். தானியம் குதிரை வண்டியில் ரோஸ்டாக் நகரச் சந்தைக்குப் போக வேண்டும். போக வரக் குதிரைக்குத் தீனி, வண்டிக்காரருக்குக் கூலி. தூரம் கூடக் கூட, ஏற்றிய தானியத்தின் விலையையே இச்செலவு தின்றுவிடும்.

மண்வளம் ஒன்றாயுள்ள சமவெளியின் நடுவே ஒரு நகரம் இருப்பதாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் வளையங்களை 1826-ல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். நகரை ஒட்டிக் காய்கறியும் பாலும். இவை விரைவில் கெடும். அடுத்தது விறகுக் காடு. இது விந்தையாகத் தோன்றலாம். அன்று அடுப்பெரிய விறகுதான், அதுவோ பெரும் பாரம். அப்பால் தானியம். கடைசியில் மேய்ச்சல், கால்நடை சந்தைக்குத் தானே நடந்து வந்துவிடும்.

ரயிலும் லாரியும் வந்தபின் வளையங்கள் கலைந்தன. கணக்கு மாறவில்லை. விற்ற விலையில் சாகுபடிச் செலவையும் வண்டிச் சத்தத்தையும் கழித்தே உழவர்கள் குத்தகை பேச வேண்டும். மிச்சமாகும் வண்டிச் சத்தம் முழுவதும் குத்தகைக்கே போனால், பட்டணத்தருகே பயிரிடுவதால் அவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் நிற்காது.