தண்ணீர் டியூப் மஞ்சளானால்

அஸ்தினாபுரத்தில் என் வீட்டு மாடிக்கு வந்து சந்தேகம் கேட்கும் லேப் பிள்ளைகளுக்கு, நேரில் சொன்னதையே எழுதித் தருகிறேன். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் லேம்ப் (LAMP) சோதனைக்கு பிசிஆர் மெஷின் வேண்டாம், 65 டிகிரியில் ஒரு சூட்டுப்பெட்டி போதும் என்று சந்தோஷப்படுகிறீர்கள். இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டுவதும் அதில் அதே அளவு சுலபம்.

1. பிரைமர் வடிவமைப்பில் அவசரப்படாதீர்கள். 2000-இல் ஜப்பானில் நொடோமி குழுவினர் வெளியிட்ட முறையில் நான்கு பிரைமர்கள், அவை ஒட்டிக்கொள்ள ஆறு இடங்கள். லூப் பிரைமர்களும் சேர்ந்தால் எட்டு. முதலில் சொன்ன ஆறு இடமும் பொருந்தினால்தான் பெருகும் என்பது இதன் பலம். ஆனால் ஒரே டியூபில் ஆறு பிரைமர்கள், அதில் இரண்டு நாற்பது எழுத்து நீளம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வைரஸே இல்லாமல் பெருகத் தொடங்கிவிடும். 3' முனைகளை ஒன்றுக்கு மூன்று முறை பாருங்கள். டெங்குவுக்கு என்றால் ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்களின் வரிசைகளோடு ஒப்பிடுங்கள். அவை ஒரே குடும்பம். சிக்குன்குனியா வேறு குடும்பம்தான், ஆனாலும் அதே காய்ச்சலோடு அதே வார்டுக்குத்தான் வரும். அந்த மாதிரிகளையும் ஓட்டிப் பாருங்கள்.

2. ஓடி முடிந்த டியூபைத் திறக்கவே திறக்காதீர்கள். நான் இருந்த ஒரு லேபில் ஒரு வாரம் எல்லா டியூபும் மஞ்சள், அதாவது பாசிட்டிவ். வெறும் தண்ணீர் விட்டதும் மஞ்சள். ரீஏஜென்ட்டை எல்லாம் கொட்டினோம், புது பிரைமர் வரவழைத்தோம், மாறவில்லை. ஜெல் ஓட்டுவதற்காக அதே மேஜையில் ஒருவர் மூடியைத் திறந்திருக்கிறார், தலைக்கு மேல் ஃபேன் சுற்றியிருக்கிறது. அவ்வளவுதான் காரணம். ஒரு டியூபில் கோடானுகோடி நகல்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி சேர்க்க வேறோர் அறை, பைப்பெட்டும் தனித்தனி.

3. எத்தனை நிமிடத்துக்குள் வந்தால் பாசிட்டிவ் என்பதை முன்னதாகவே எழுதி வையுங்கள். நேரம் போகப் போகத் தண்ணீர் டியூபும் பெருகும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நேரத்தை நீட்டுவது தவறு.

4. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பீனால் ரெட் அமிலத்தைக் கண்டால் மஞ்சளாகும். சோதிக்கும் எச்சில் புளிப்பாக இருந்தால் சூடு வைக்கும் முன்பே மஞ்சள்தான். சூடு வைத்த பிறகு நிறம் மாறியது என்றாலும், ஏதோ பெருகியது என்றுதான் அர்த்தம். எது பெருகியது என்று அது சொல்லாது. அதற்கு ப்ரோப் வேண்டும், இல்லை மெல்ட் கர்வ் பார்க்க வேண்டும். குறிவைக்கும் இடமும் ஒன்றோடு நிற்க வேண்டாம். 2020 ஏப்ரலில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் கொரோனாவுக்குக் கொண்டுவந்த லேம்ப் கிட், வைரஸின் N மரபணுவில் இரண்டு இடங்களைக் குறிவைத்தது. ஓரிடம் திரிந்தாலும் மற்றது பிடித்துவிடும்.

5. நம் ஊர் மே மாதத்தில் கலவையை மேஜையில் விடாதீர்கள். ஐஸில் வையுங்கள், வார்ம்-ஸ்டார்ட் என்சைம் வாங்குங்கள்.

6. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் நோய். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் சோதனை, மீதி 990 பேரில் சுமார் இருபது பேரைப் பாசிட்டிவ் ஆக்கும். நோயாளிகளைவிட இது இரண்டு மடங்கு. அந்த இருபது பேரும் வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள்.

தண்ணீர் டியூப் மஞ்சளான நாளில் ஒரு ரிசல்ட்டைக்கூட வெளியே அனுப்பாதீர்கள், பிள்ளைகளே. மேலதிகாரி கேட்டாலும் சரி.